கணக்கு சாரின் ஆறிய டிபன்

டவுட்டுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அண்ணன். வீட்டில் முறைப்படி வைத்த பெயர் விண்ணப்பப் படிவத்தில் மட்டும்தான் இருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்தே அவள் கண் வைத்திருந்த, நாற்பதே இடங்கள் உள்ள கல்லூரியின் படிவம் அது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாயிற்று. ஒன்றைத் தவிர: 'நீங்கள் படித்ததிலேயே கடினமான பாடத்தின் ஆசிரியரிடமிருந்து பரிந்துரைக் கடிதம்.'

கடினமான பாடம் உயர்கணிதம். அவள் எடுத்தது ஐம்பத்தெட்டு.

"அப்பவே சொன்னேன், சுற்றுலாப் பாடம் எடுடீன்னு. தூங்கிட்டே தொண்ணூறு வாங்கியிருப்ப," என்றான் அண்ணன்.

"தூங்கிட்டிருந்தா சந்தேகம் எப்படிடா வரும்?"

"பாரு, அதுவும் ஒரு சந்தேகம்."

ஐம்பத்தெட்டைவிட அவளுக்குக் கணக்கு சார்தான் பயம். இரண்டு வருடமாக மதிய மணி அடித்து அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால், எதிரே அவள் நிற்பாள். "சார், ஒரே ஒரு சந்தேகம்." அந்த ஒன்றுக்கு நான்கு கிளைகள் இருக்கும். ஒருமுறை அவர் வேதியியல் கூடத்தில் ஒளிந்து சாப்பிட்டார். மூடி திறக்கும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

இன்றும் போய் நின்றாள். பழக்கதோஷத்தில் அவரே டிபனை மூடினார்.

"கேளு."

"சந்தேகம் இல்ல சார். பரிந்துரைக் கடிதம் வேணும். அந்தக் காலேஜுக்கு."

அவர் பேனாவை எடுத்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பத்தே நிமிடத்தில் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அண்ணன் அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். "'சாப்பிட்டதில்லை'ன்னு தெரியுது. போச்சுடி."

"கீழ வைடா! ஒட்டின கவரைப் பாக்கக் கூடாது," என்று அதட்டிய அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வேற என்ன தெரியுது?"

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை கடிதத்தை உரக்கவே படித்தார்:

"'இரண்டு வருடமாக நான் சூடான மதிய உணவு சாப்பிட்டதில்லை. காரணம் இந்தப் பெண். புரியாமல் தலையாட்டும் வழக்கம் இவளிடம் இல்லை. வகுப்பே தலையாட்டியபோது, என் தவறை இரண்டு தடவை கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பசிக்கிறது.'"

டவுட்டுக்குக் காது சுட்டது.

"சரி, அப்புறம் ஏன்மா ஐம்பத்தெட்டு?"

"மிச்ச நாப்பத்திரண்டும் இப்ப புரிஞ்சிடுச்சு மேடம். பரீட்சை முடிஞ்சப்புறம் சாரை விடாம கேட்டேன்."

பேராசிரியை சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டே முக்கால். மரியாதைக்காகக் கேட்டார், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்."

கதவு திறந்தபோது மணி இரண்டே கால். கரும்பலகையில் இடமில்லை. ஓரமாக மூன்று சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கப்படாமல் இருந்தன.

அடுத்த வாரம் சேர்க்கைக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மதிய மணிக்கே ஓடினாள். சாரின் டிபனில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"கெடச்சிடுச்சு சார்! நீங்க நிம்மதியா சாப்பிடுங்க," என்று திரும்பினாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய் பாதி வழியில் நின்றது.

"நில்லு. அவங்ககிட்ட என்ன சந்தேகம் கேட்ட?"

சொன்னாள்.

சார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு டிபனை மூடிவிட்டுச் சாக்பீஸைத் தேடினார்.