சுவரில் ஒட்டிய குவெட்லின்பர்க்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் மூடுபனி, நண்பகல் கடந்ததும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவெங்கும் விடாத மழை.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பராமரிக்கும் பரிமளம், லுணுகலையில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையிருந்துவிட்டு, பத்து நாட்களின் பின் மாலை நாலரைக்குத் தன் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பினாள். கைப்பையை இறக்கும் முன்பே, அண்டை வீட்டு ஜெயலெட்சுமியிடம் அட்டை வந்ததா என வினவினாள்.

அவளது பதற்றத்திற்குக் காரணம் இருந்தது. அஞ்சலட்டைப் பரிமாற்றச் சங்கமொன்றில் சேர்ந்து, ஜேர்மனியின் பழம்பெரும் நகரங்களின் படங்களை அவள் சேகரித்து வந்தாள். அட்டையின் பின்புறத்தில் எழுதப்பட்ட எண்ணைக் கைத்தொலைபேசியில் பதிந்தால்தான் அது சேர்ந்ததாகக் கொள்ளப்படும். மார்லேனே என்னும் பெண்மணி குவெட்லின்பர்க் நகரிலிருந்து அனுப்பிய அட்டைக்கு அன்று மாலை ஆறு மணியே இறுதித் தவணை. தவறினால் அப்பெண்மணியின் அட்டை தொலைந்ததாகக் குறிக்கப்படும். முன்பு வந்து தகரப் பெட்டியில் சேர்ந்த பதினாறில் ஒன்றையேனும் பரிமளம் அவ்வாறு கைவிட்டதில்லை.

ஜெயலெட்சுமி சிரித்தபடி, தன்னிடமிருந்த சாவியால் பரிமளத்தின் கதவைத் திறந்தாள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்த அட்டையை அவளே வாங்கி வந்திருந்தாள். கட்டிலுக்கு மேலே, நாட்காட்டிப் படங்கள் ஒட்டிய சுவரின் நடுவே, குவெட்லின்பர்க் ஒளிர்ந்தது.

செந்நிற ஓட்டுக் கூரைகள். குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் பாய்ந்த வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. எத்தனை நூற்றாண்டு மழையையும் பனியையும் தாங்கிய மரம் என்று வியந்த பரிமளம், கணநேரம் எண்ணையே மறந்தாள்.

"தகரப் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டா யாரு அக்கா பாக்குறது? அதான் கோதும மா காய்ச்சி ஒட்டிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு புள்ள. நம்பரு பின்னாலதானே இருக்கு."

ஜெயலெட்சுமியின் முகம் வாடியது. இருவரும் கத்தியை நுழைத்துப் பார்த்தனர். பசை இறுகியிருந்தது, விளிம்புதான் கிழிந்தது. வெந்நீர் பட்டால் படம் பாழாகுமே, கேட்டால் அந்த அம்மா இன்னொன்று அனுப்பமாட்டாரா என்று ஜெயலெட்சுமி தயங்கினாள்.

"படம் நமக்கு. நம்பரு அந்தம்மாவுக்கு. தண்ணிய சுட வையி."

வெந்நீர்த் துணியை மாறி மாறி அழுத்தினர். வானமும் இரண்டு கூரைகளும் சுருண்டு உரிந்தன. அதன் பின்னரே அட்டை சுவரை விட்டுக் கையோடு வந்தது. பசையை விரலால் வழிக்க வழிக்க, நீல எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

"இவ்வளவு கெட்டியா பசை காய்ச்சுறவள அந்த ஊருக்கே அனுப்பலாம். இன்னும் நானூறு வருசத்துக்கு வீடெல்லாம் அசையாது" என்றாள் பரிமளம்.

லயத்துக்குள் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. ஆகவே இருவரும் கொழுந்து நிறுக்கும் மடுவத்து மேட்டுக்கு ஓடினர். ஜெயலெட்சுமி குடை பிடிக்க, பரிமளம் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினாள். திரையில் மார்லேனேயின் பெயருக்கு நேரே அட்டை கிடைத்ததாகத் தோன்றியபோது, மணி சரியாக மாலை 5.52.