பாதியில் நின்ற ஊசி

"ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்று டாக்டர் ஜிபார் கேட்டபோது சினாரா குழந்தையின் காலுறையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, "இல்ல டாக்டரம்மா" என்றாள். கட்டிலின் மறுபக்கம் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்த நர்ஸ் புருல் தலை நிமிரவில்லை. உதறி முடித்த தெர்மாமீட்டரையே இன்னும் இரண்டு முறை உதறினாள்.

"மாத்திரை, சிரப்பு?"

"ராஸ்பெரி ஜாம் கலந்து டீ குடுத்தோம். உள்ளங்கால்ல வினிகர் தேச்சோம். அவ்வளவுதான்."

"நல்லது" என்றார் டாக்டர். அந்த வாயிலிருந்து 'நல்லது' வருவது அபூர்வம்.

ஜிபார் இந்த ஊருக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. ஊர்ப் பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வெந்நீர் டாக்டர்'. சளியென்று போனாலும் வெந்நீர், இருமலென்று போனாலும் வெந்நீர், காதுவலிக்குக்கூட இரண்டு நாள் பொறுங்கள் என்பார். அதற்கு முன்பிருந்த டாக்டர் குழந்தை தும்மினாலே பத்து ஊசி எழுதிக்கொடுத்த புண்ணியவான். அவரை அனுப்பிவிட்டு இவரைக் கொண்டுவந்ததை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. சும்மா மறுத்தால்கூடப் பரவாயில்லை. ஒருமுறை ஒரு தாய் மருந்துக்கடையிலிருந்து தானாக வாங்கிவந்த ஆன்டிபயாட்டிக் குப்பியை, வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் தூக்கிப்பிடித்து, "இது என்ன மிட்டாயா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஊர் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஊசி போடுவது குறையவில்லை, போட்டதைச் சொல்வது நின்றுபோனது.

போடுபவள் பெரும்பாலும் புருல்தான். பகலில் இதே குழந்தைகள் வார்டில் நர்ஸ், வேலை முடிந்தால் தெருவுக்கு நர்ஸ். கை அவ்வளவு லேசு. காசு வாங்கமாட்டாள். அக்கம்பக்கத்தில் போய் யாராவது காசு வாங்குவார்களா? ஒரு கிண்ணம் பாலேடு, சூடாகப் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள் ஒரு தட்டு, பண்டிகைக்கு ஆடு அறுத்தால் மறக்காமல் ஒரு பங்கு. ஆனால் போன இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, வீட்டில் ஊசி போடும் நர்ஸுக்கு இங்கே வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். வெறும் பேச்சு என்றுதான் நினைத்தார்கள். பெரியவர்கள் வார்டு நர்ஸ் ஒருத்தி இப்போது சந்தையில் காலுறை விற்கிறாள்.

இந்த புருல் சினாராவின் கணவனுக்கு மூத்த அக்கா. தாய் போனபிறகு மிர்லானை வளர்த்து ஆளாக்கியவள். பெண் பார்த்தது அவள், வாசலில் நிறுத்தித் தலையில் வெள்ளை முக்காடு போட்டு சினாராவை வீட்டுக்குள் அழைத்ததும் அவள். அந்தப் பக்கத்து மருமகள்கள் கணவனின் மூத்தவர்கள் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சினாரா 'புருல்' என்று ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. அண்ணி என்றால் அண்ணிதான். மிர்லான் ஓஷ் நகரத்துக்கு டாக்சி ஓட்டுகிறான். அவனே அக்காவைக் கேட்காமல் டயர் மாற்றமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு வயது அய்பிகேவுக்குக் காய்ச்சல் கொதித்தபோது புருல்தான் வந்தாள். தொண்டையைப் பார்த்தாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், பையிலிருந்து குப்பியை எடுத்தாள். வலி தெரியாமலிருக்க மரத்துப்போகச்செய்யும் மருந்தில் குப்பியிலிருந்த ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைத்துத் தொடையில் போட்டாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் போட்டாள். காய்ச்சல் விட்டது. அய்பிகே எழுந்து உட்கார்ந்து நூடுல்ஸ் கேட்டாள். "போதும்" என்றாள் புருல். "அதான் எந்திரிச்சிட்டாளே, இன்னும் எதுக்கு அந்தப் பிஞ்சுத் தொடையக் குத்தணும்?" பாசத்தில் நிறுத்தியதுதான். அடுத்து வந்த நாட்களில் குழந்தை வேறு மாதிரி ஆகிவிட்டாள். காய்ச்சல் பெரிதாக இல்லை. ஆனால் ஜன்னல் திரையை விலக்கினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தூக்கினால் சிணுங்கினாள், குடித்த டீயையெல்லாம் வாந்தியெடுத்தாள். மிச்ச நேரமெல்லாம் தூக்கம். இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் குழந்தையின் தலைக்கடியில் கைகொடுத்துக் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார். மறுபடியும் மடக்கினார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கழுத்து இறுகின மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ரத்தத்துலயும் பெருசா எதுவும் காட்டல. மூளைக்காய்ச்சல்னா இந்நேரம் நல்லா வெளிய தெரிஞ்சிருக்கும். மருந்து எதுவும் போடலைங்கறீங்க, அதனால நாளைக்குக் காலைல வரைக்கும் தைரியமா பாக்கலாம்."

"போட்டிருந்தா?" என்றாள் சினாரா.

"போட்டிருந்தா கதையே வேற. அரைகுறையா மருந்து போனா நோய் முக்காடு போட்டுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கும். அப்ப நான் பாக்கறது எதையும் நம்ப முடியாது. உடனே ஓஷுக்கு அனுப்பி முதுகுத்தண்டுல நீர் எடுத்துப் பாக்கணும். லேட்டானா காது போகும், புத்தி போகும், ஆளே போகலாம்." சட்டென்று நிமிர்ந்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனதும், பக்கத்துக் கட்டில்காரி தன் இருமல் பையனைத் தட்டிக்கொடுத்தபடி எட்டிப் பார்த்தாள். "என்ன, வெந்நீரா?"

சினாரா தலையாட்டினாள்.

"எனக்கும் அதான். ஊசி போட்டியா போட்டியான்னு உயிர எடுத்துட்டாங்க. நான் அசையவே இல்லையே. இந்த வார்டுல இல்லன்னு சொல்லாம யாரு உள்ள வந்தா சொல்லு?" என்று சிரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் சினாராவும் சிரித்திருப்பாள்.

வராந்தாக் கோடியில், ஜன்னலோரம் புருல் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். சினாரா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி... சொல்லிடலாமா?"

"எத?"

சினாரா வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லேன். சொல்லிட்டு சந்தைல எனக்கும் ஒரு எடம் பிடிச்சு வை. நானும் காலுறை விக்கறேன்." பஞ்சை உருட்டும் கை நிற்கவில்லை. பிறகு குரல் இறங்கியது. "பொண்ணே, அவ பொறந்தப்ப உனக்கு முன்னாடி அவளத் தூக்கினது நான். அவளுக்குக் கெடுதல் நெனைப்பேனா? நான்தான் பாதியில நிறுத்தியிருக்கக் கூடாது. அது என் புத்தி. சாயந்திரம் டாக்டர் கெளம்பட்டும், நானே வந்து ஒண்ணு போட்டுடறேன். ரெண்டு நாள்ல எந்திரிச்சு ஓடுவா. சரியா?"

சினாரா தலையாட்டினாள். அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து ஆட்டிப் பழகிய தலை. கட்டிலுக்குத் திரும்பி வந்து குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னால் அண்ணியின் வேலை போகும். பரவாயில்லை என்று மிர்லான் சொல்லப்போவதில்லை. அக்காவைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு பெயர் வரும், அது சாகும்வரை கூடவே வரும், நல்லது கெட்டதுக்குக் கூடும் ஒவ்வொரு விருந்துவிரிப்பிலும் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்லாவிட்டால்? அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை. பயமாக இருந்தது. டாக்டர் சொன்ன மூன்றில் கடைசியை விட்டுவிட்டு முதல் இரண்டையே மனம் சுற்றிச்சுற்றி வந்தது. காது போனால் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே அறையவேண்டும்போல இருந்தது.

சாயந்திரம் டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் காலடிச் சத்தம் படியிறங்கியதும் புருல் துணி மூடிய தட்டோடு வந்தாள். பக்கத்துக் கட்டில்காரி நாகரிகமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். புருல் பையிலிருந்து குப்பியை எடுத்தாள், கரைத்தாள், குழந்தையை ஒருக்களித்துத் திருப்பினாள். அய்பிகே அழவில்லை. முனகக்கூட இல்லை. திருப்பிய பக்கம் அப்படியே கிடந்தாள். இது தூக்கமில்லை என்று சினாராவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் குழந்தையின் தொடைமேல் தன் கையை வைத்தாள்.

"கைய எடு" என்றாள் புருல்.

"வேணாம் அண்ணி."

"மருந்து வீணாப் போகுது. கைய எடு பொண்ணே."

"வேணாம்னு சொல்றேன்ல!"

அந்தக் குரலில் அவள் அண்ணியிடம் பேசியதே இல்லை. புருல் ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சினாரா எழுந்தாள். வராந்தாவில் நடந்தாள், படியில் ஓடினாள். பனி உருகிச் சேறாகிக் கிடந்த முற்றத்தில் வார்டுச் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். டாக்டர் கேட்டருகில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டோம்" என்றாள் சினாரா.

"என்ன போட்டீங்க?"

"ஊசி. ஞாயித்துக்கிழமைலேர்ந்து. காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டோம்."

டாக்டர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. ஜிபார் சேற்றில் நின்ற அவளுடைய வெறும் காலைப் பார்த்தார்.

"காலைல கேட்டேனே."

"திட்டுவீங்கன்னு..."

அது பாதி உண்மைதான். ஆனால் டாக்டரின் முகம் ஏதோ பட்டதுபோல ஒருகணம் சுருங்கியது. "என்ன மருந்து, எவ்வளவு, கடைசியா எப்ப போட்டது? எனக்கு அது தெரியணும். யாரு போட்டா?"

சினாரா திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் புருல் கீழே பார்த்தபடி நின்றிருந்தாள். டாக்டரும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இருவரும் படியேறினார்கள்.

கேட்டதற்கெல்லாம் புருல் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள், வேறு யாரோ போட்டதைச் சொல்வதுபோல. ஒரு இடத்திலும் மழுப்பவில்லை. டாக்டர் ஓஷுக்குப் போன் செய்தார், ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிடச் சொன்னார். புறப்படும் முன்பே நரம்பில் ஏற்றவேண்டிய மருந்தின் பெயரைச் சொன்னார்.

புருல் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அதே மருந்தா?"

"அதேதான். நரம்பு வழியா, முழு அளவு."

"அப்ப நான் போட்டது..."

"இப்ப அது வேணாம் அக்கா. குப்பிய எடுங்க."

ராத்திரி வேலைக்கு ஒரே ஒரு நர்ஸ்தான், அவள் வார்டை விட்டு நகரமுடியாது. குழந்தையோடு யார் போவது என்ற கேள்விக்கு டாக்டர் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நீங்களே போங்க" என்றார் புருலிடம். "வழியில டிரிப் நிக்கக் கூடாது." ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்தியது அவர்தான். வண்டி கேட்டைத் தாண்டும்வரை அங்கேயே நின்றார். நாளைக்குப் பெரிய டாக்டரிடம் என்ன சொல்லப்போகிறார் என்பது முகத்தில் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் கூரையில் பாட்டில் மாட்டும் கொக்கி எப்போதோ உடைந்துபோயிருந்தது. புருல் பாட்டிலைக் கையால் தூக்கிப்பிடித்துக்கொண்டாள். சினாரா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் புருலின் தோள் கம்பியில் இடித்தது, பாட்டில் மட்டும் இறங்கவில்லை. ஊர் விளக்குகள் முடிந்தன.

"குடுங்க, கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன்" என்றாள் சினாரா.

புருல் கொடுக்கவில்லை. கணவாய்ப் பக்கம் வண்டி திணறி ஏறும்போது, "மிர்லானுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

"என்னன்னு சொல்வீங்க?"

புருல் பாட்டிலை மறுகைக்கு மாற்றித் தூக்கிப்பிடித்தாள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் வண்டிக்குள் விழுந்து போனது. அய்பிகே கண்ணைச் சுருக்கினாள். பிறகு திறந்தாள். யாரையோ தேடுவதுபோல விழி அலைந்து, மேலே அத்தையின் முகத்தில் வந்து நின்றது. உதடு காய்ந்திருந்தது, வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"அத்த... ஊசி வேணாம்."

புருலின் வாய் கோணிக்கொண்டது. ஒரு கை பாட்டிலோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருக்க, மறுகையைக் குழந்தையின் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள்.

"இல்லடி தங்கம். பாரு, கைல ஒண்ணுமே இல்ல."