ஈஸ்டர் மதியத் தூக்கம்

அருள்தாஸுக்குக் கனவில் பிரேக் பிடிக்காது. ஆரணியிலிருந்து வேலூர் போகும் தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருப்பான். கண்ணமங்கலம் கடைத்தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள். பெடலை மிதித்தால் அது பாட்டுக்கு உள்ளே போகும். அலறிக்கொண்டு எழுவான்.

நிஜத்தில் அவன் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஆனாலும் அதே கனவு திரும்பத் திரும்ப வரவே பயந்துபோனான். பஸ்ஸை மெக்கானிக்கிடம் விட்டுப் பார்த்தான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அப்படியும் மனம் ஆறாமல் முதலாளியிடம் போய், "ஈஸ்டரோட நின்னுக்கிறேங்க, வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டான்.

சேவூரில் வீட்டிலேயே பட்டு நெய்யும் அவன் மனைவி சத்யப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வேலைய வுட்டுட்டு இன்னாங்க பண்ணப் போறீங்க?"

"ஆண்டவரு எச்சரிக்கை குடுத்துகினு இருக்காரு. பிள்ளைங்க மேல ஏத்திட்டு அப்புறம் அழுவறதா?"

"கடைசி டிரிப் முடிச்சிட்டு பரோட்டாவும் மட்டன் சால்னாவும் துன்னுட்டு வந்து, அப்படியே படுத்துக்கிறீங்க. வயிறு தூங்க வுடுமா?"

"சால்னாவுக்கும் கனவுக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்று கோபித்துக்கொண்டான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. வழக்கம்போல் இறைச்சியை விட்டான். கடைப்பக்கம் போகாமல், அவள் கட்டிக்கொடுத்த இட்லியைக் கடைசி டிரிப்புக்கு முன்பே சாப்பிட்டுவிடுவான். கனவு நின்றுபோனது. ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தான். ஆனால் தவக்காலம் முடிந்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. அதனால் முதலாளியிடம் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பவன்போல் மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்தான். கூடவே ஆட்டுக்கால் பாயா. மூச்சு வாங்கப் பாயில் சாய்ந்தான்.

கண்ணமங்கலம் கடைத்தெரு. பிள்ளைகள். பெடல் உள்ளே போனது. பின்னால் திரும்பினால் சீட்டுக்குச் சீட்டு ஆடுகள் உட்கார்ந்து, "நிறுத்துப்பா, இறங்கணும்" என்றன.

அலறி எழுந்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு சத்யப்ரியா ஓடிவந்தாள்.

"மறுபடியுமா?"

அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தான்.

"பிரியாணிடி! ஆண்டவரு இல்ல, வெறும் பிரியாணி!"

"அதத்தான நான் சொல்லிகினே இருந்தேன்?"

"நீ சொன்ன. நான்தான் கேக்கல."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். இத்தனை நாள் வெளியில் காட்டாத பயம் அவளுக்கும் அப்போதுதான் இறங்கியது. அவன் போனை எடுத்தான்.

"வேற ஆள் பாத்துட்டீங்களா, முதலாளி?"

"இன்னும் இல்லப்பா. ஒரே பேஜாரா கீது."

"பாக்காதீங்க. காலைல நானே வந்துடுறேன்."

சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டியில் ஆரணிக் கோட்டை மைதானம் வரை போய்க் காற்று வாங்கிவிட்டு, பேசிக்கொண்டே மெதுவாகத் திரும்பினார்கள்.