கேட்டிலிருந்து வாசல் வரை

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு இன்ஜினியர் என்று பெயர். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை நீளும் நூறு மீட்டர் ஜல்லிப் பாதையை அவர் படுத்திய பாட்டைப் பார்த்து வைத்த பெயர் அது. மழை விட்டால் போதும், குட்டி டிராக்டரைக் கிளப்பிவிடுவார். ஓரத்தில் ஒதுங்கிய ஜல்லியை முன்பக்க பக்கெட்டால் அள்ளி நடுவில் போடுவார். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து, ரிவர்ஸில் இழுத்து இழுத்துச் சமன் செய்வார். சாப்பாடு ஆறிப்போகும். நான் கத்துவேன். அவர் காதில் ஏறாது.

நோய் எலும்புக்குள் இறங்கிய பிறகு ஐந்து மாதம் டிராக்டர் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. பாதை குண்டும் குழியுமாகிவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மருத்துவமனையில் கைவிரித்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "வண்டி குலுங்காம பாத்துக்கோங்கம்மா. சின்னக் குலுக்கல்கூட அவரால தாங்க முடியாது" என்றார். எனக்கு அந்தக் குழிகள்தான் கண் முன்னால் வந்து நின்றன.

அவரைக் கூட்டி வர மூன்று நாள் இருந்தது. டிராக்டர் ஓட்டத் தெரியும், பக்கெட்டும் ஏதோ சுமாராகத் தெரியும். ஜல்லிக் கடைக்குப் போனேன். "சார் வழக்கமா வாங்குற உடைச்ச ஜல்லியே அனுப்பட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் குவியலில் ஒவ்வொரு கல்லுக்கும் நாலு முனை. பார்க்கவே எனக்கு உடம்பு கூசியது. பக்கத்தில் வழவழவென்று கூழாங்கல் கிடந்தது.

"இதப் போடுங்க."

"பாதைக்கா?" என்று இழுத்தார்.

"எனக்குத் தெரியும், நீங்க ஏத்துங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

குழிகளை நிரப்பி, மேலே ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினேன். இடுப்பு ஒடிந்துபோனது. முடித்துவிட்டுப் பார்த்தால் மெத்தை விரித்த மாதிரி இருந்தது. போனில் அவரிடம் சொன்னேன். "என்ன கல்லு?" என்றார். "வந்து பாருங்களேன்" என்றேன். அத்தனை பெருமை எனக்கு.

அவரை ஏற்றி வந்த வேன் கேட்டைத் தாண்டி முப்பது மீட்டர்கூட வந்திருக்காது. சக்கரம் கூழாங்கல்லில் புதைந்து, நின்ற இடத்திலேயே சுற்றியது. டிரைவர் முன்னும் பின்னுமாக உந்திப் பார்த்தார். வண்டி ஆட ஆட, உள்ளே இவர் அலறினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அலறி நான் கேட்டதில்லை. "நிறுத்துப்பா, நிறுத்து" என்று ஓடினேன். ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரங்களும் அந்தக் கல்லில் உருளாது.

அவர் தலையை மட்டும் திருப்பி வெளியே பார்த்தார். "கூழாங்கல்லா?"

"கூர் இல்லாம இருந்தா உங்களுக்கு மெத்துனு இருக்கும்னு நெனச்சேன்."

"கூர் இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். உருண்டைக் கல்லு ஓடிக்கிட்டேதான் இருக்கும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "சரி, டிராக்டரை எடுத்துட்டு வா. பக்கெட்ல ஏத்திரு."

பக்கெட்டில் மெத்தையைப் போட்டு, வேன் கதவு மட்டத்துக்குத் தூக்கி நிறுத்தினேன். டிரைவரும் நானும் போர்வையோடு சேர்த்து அவரை அதற்குள் நகர்த்தினோம். டிரைவர் அவர் தோளைப் பிடித்தபடி நடந்து வர, இருப்பதிலேயே சின்ன கியரில், பாதையோரப் புல்லில் ஓட்டினேன். பக்கெட் விளிம்புக்கு மேல் அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. "நல்ல லோடுதான் ஏத்தியிருக்க" என்றார். அழுதால் கை ஆடும், கை ஆடினால் லீவர் ஆடும் என்று அழுகையை விழுங்கினேன்.

மறுநாள் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி ஆரம்பித்தார். "அந்தக் கல்லு மொத்தத்தையும் அள்ளிடு. உடைச்ச ஜல்லி, கல்தூளோட சேத்து வாங்கு."

"இப்ப அதுவா முக்கியம்? நான் உங்க பக்கத்துல உக்காரணும்."

"நீ வேலையைப் பாரு. நான் உன்னைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"இனிமே இங்க யாரு வரப்போறா?"

"ஒரு வண்டி வரும்ல" என்றார். "அது சிக்கி, நீ தனியா நின்னு தவிக்கக் கூடாது."

"வாயைக் கழுவுங்க" என்று கத்திவிட்டு, வெளியே போய் டிராக்டரைக் கிளப்பினேன். கோபம் அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

ஆறு நாள் வேலை. மணிக்கொரு தரம் உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு வருவேன். மற்ற நேரம் போனை ஸ்பீக்கரில் போட்டு, காதோடு சேர்த்து முக்காட்டுத் துண்டில் கட்டிக்கொள்வேன். "குழிய அப்படியே மூடாத. அடி வரைக்கும் கிளறிட்டுப் போடு." "பக்கெட்டை அழுத்தாத, தோண்டிரும். கவுத்து இழு." "நடு கொஞ்சம் மேடா இருக்கட்டும், தண்ணி ரெண்டு பக்கமும் ஓடணும்." "தண்ணி தெளிச்சு, சக்கரத்தால மிதிச்சு இறுக்கு." நாளுக்கு நாள் குரல் தேய்ந்தது. எனக்கோ கை பழகிவிட்டது.

ஆறாம் நாள் கேட்டருகே கடைசிப் பத்து மீட்டர் பாக்கி. "சரியா இருக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மாத்திரை மயக்கத்தில் தூங்குகிறார் என்று நினைத்து, முடித்துவிட்டே போய்ச் சொல்லலாம் என்று இன்னும் அரைமணி நேரம் இழுத்தேன். உள்ளே போனபோது முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. தொட்டேன். கை சில்லிட்டிருந்தது.

மறுநாள் அவரைக் கொண்டுபோக வண்டி வந்தது. ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, "பாதைய நல்லாப் போட்டிருக்கீங்கம்மா" என்றார் அந்த வண்டியின் டிரைவர். நான் வாசலில் நின்றேன். வண்டி எங்கேயும் குலுங்கவில்லை, எங்கேயும் வேகம் குறையவில்லை, ஒரே சீராகப் போய்க் கேட்டைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் சிக்கியிருந்தால் இன்னும் பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.