மூட்டைக்குள் போன விதைக்கிழங்கு

"அவிழ்த்துருங்கறேன்ல."

"கட்டுன மூட்டைய அவிழ்த்தா போறவ வழி தப்பிருவா மச்சான், ஊருக்கே தெரியும்—"

"காய்ஞ்ச கிழங்குதானே வைக்கணும்? நீ விதைக்கிழங்க வச்சு—"

"தெரிஞ்சுதான் வச்சேன்."

திறந்திருந்த சவப்பெட்டிக்குள் பெலிசியானா படுத்திருந்தாள். மறுஉலக வழிப் பயணத்துக்கான துணிமூட்டை அவள் இடுப்பருகே இருந்தது. அதைக் கட்டியவள் தங்கை பிரவுலியா. எதிரே பெலிசியானாவின் கணவன் ஹசிந்தோ நின்றான்.

"இருக்கிற விதை அத்தனையும் அதுல இருக்கு, கொழுந்தியா."

"இருந்து? நீ ஊன்றப் போறியா? ஆம்பளை கை பட்டா முளைக்குமா? அக்கா வளர்த்தது அக்காவோட போகட்டும்."

ஊர்ப் பொதுத் தோட்டத்தில் அவர்களுக்கு இரண்டு பாத்திகள். அவன் மிதிகலப்பையை அழுத்தி மண்ணைப் பிளந்தபடி பின்னால் நகருவான். அவள் அவனைப் பார்த்தபடி முன்னால் வந்து விதையை வைப்பாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான், முகத்துக்கு முகம். இந்த வருஷம் கருஞ்சோளப் பாத்தியில் விதைப்பு முடிந்தது. கிழங்குப் பாத்தி காலியாகக் கிடந்தது. முண்டும் முடிச்சுமான அந்த ஊதாக் கிழங்கு, போன வருஷ ஆலங்கட்டி மழைக்குப் பிறகு வேறு எந்த வீட்டிலும் இல்லை.

"சோளம் போட்ட அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். மழை வேற. வீட்டுக்குப் போன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"நீ கலப்பைய நிறுத்து, நான் போறேன்னா."

"நிறுத்துனியா?"

அவன் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். வாசலில் பெட்டி தூக்குகிறவர்கள் அசதி தெரியாமலிருக்கக் கோக்கா இலையை மென்றபடி காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கனைத்தார்.

"இல்ல," என்றான்.

பிரவுலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹசிந்தோ குனிந்து மூட்டையை நோக்கிக் கையை நீட்டினான். முடிச்சுக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிட்டது. உள்ளே இருந்தது விதை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அதைத் தொட்டதில்லை.

பிரவுலியா அந்தக் கையைப் பார்த்தாள்.

"தள்ளு மச்சான்."

முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். "வழி தப்பிராத அக்கா, ஒரு நிமிஷம்," என்று மூட்டையிடமே சொன்னாள். கிழங்குகளை முளைக்கண் உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சால்வையில் போட்டுக்கொண்டாள். கடைசிக் கிழங்கைக் கையில் வைத்துச் சற்று யோசித்தாள். பிறகு அதை மட்டும் உள்ளேயே விட்டு, பழையபடி இறுகக் கட்டினாள்.

தூக்குகிறவர்கள் உள்ளே வந்து மூடியை எடுத்தார்கள். சால்வையை மார்போடு அணைத்தபடி அவள் சுவரோரம் ஒதுங்கினாள். அவன் அவளருகே போய் நின்றான். மூடி இறங்கியது.

"ஈரம் காயறதுக்குள்ள நான் மண்ணைப் பிளந்து வைக்கிறேன், கொழுந்தியா. எனக்கு எதுத்தாப்பல நீ வந்து நிப்பியா?"