பத்தொன்பதாவது பெயர்

இரண்டாவது ரேடியோவின் பின்பலகையைக் கழற்றியதும் செத்த கரப்பான்கள் நாலைந்தும், ஒரு பிடித் தூசியும் மேசைமேல் கொட்டின. பல்லுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையின் மறுகோடியில், திங்களன்று கொடுக்கவேண்டிய மூன்று பல் செட்டுகள் வாய் பிளந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லுக்காரிதான். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான்கு பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறாள். முப்பது வருஷ வேலை. கை நடுங்காது. அந்தத் தைரியத்தில்தான், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அம்மாவின் மருந்துப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து அப்பாவின் வால்வு ரேடியோவை உருவி எடுத்து, "இதைப் பாட வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மா மருந்துப் பெட்டிகளை மட்டும் ஜன்னல் விளிம்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ரேடியோவில் இருந்தது பாதி, இல்லாதது பாதி. ஸ்பீக்கர் காகிதத்தை எலி தின்றிருந்தது. முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தது. நிலையம் மாற்றும் குமிழ் இல்லவே இல்லை. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. பக்கத்துக் குமிழை அச்செடுத்து, ஈறு செய்யும் குழம்பை ஊற்றி ஒன்று வார்த்துவிட்டாள். ரோஸ் நிறத்தில் பளபளவென்று வந்தது. "கைய வெச்சா கடிச்சிடுமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

மாட்டிக்கொண்டது வால்வுதான். ஐந்து கண்ணாடி வால்வில் ஒன்று இல்லை. அது எங்கே போனது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்பா ரேடியோ மெக்கானிக். ஊரார் ரேடியோவையெல்லாம் பாட வைத்தவர், சொந்த ரேடியோ படுத்தபோது கெட்ட வால்வைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதேபோல் ஒன்று வாங்கி வர அக்கரைக்குக் காலைப் படகில் கிளம்பினார். படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. முப்பத்தொரு பேர். பதினோரு பேரின் உடல் கிடைக்கவே இல்லை, அதில் அப்பாவும் ஒருவர். அவளுக்கு அப்போது ஆறு வயது. படகுத்துறையில் கல் நட்டுப் பெயர்களைப் பொறித்தார்கள். மேலிருந்து எண்ணினால் அப்பா பத்தொன்பதாவது. வருஷம் தவறாமல் அம்மா அவளைக் கூட்டிப்போய் அந்தப் பெயரைத் தொடச் சொல்வாள். அதே துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலையை, பரிதாபப்பட்டு அம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

அதே கம்பெனி, அதே மாடல் ரேடியோ ஒன்று கிடைத்தால் வால்வும் கிடைக்கும், நூல் சக்கரமும் கிடைக்கும். ஆறு மாதம் தேடி, கடைசியில் அக்கரையில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் பிடித்தாள். அதுதான் இப்போது மேசைமேல் குடல் தெரியக் கிடந்தது.

வால்வை மெதுவாக ஆட்டி எடுத்துப் பஞ்சில் வைத்தாள். பிறகு உள்தட்டை வெளியே இழுத்துவிட்டு, பெட்டிக்குள் டார்ச் அடித்தாள். பலகையின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது.

"திறந்தவரே, திருகானி ஒன்று குறையும். என்னைத் திட்டாதீர். எனக்கு முன்னால் திறந்தவரைத் திட்டும்."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பாவின் ரேடியோவிலும் இதே வாசகம் இருக்கிறது. திறந்த அன்றே படித்துச் சிரித்து, அப்புறம் கொஞ்ச நேரம் அழுதிருக்கிறாள். ஆக, அப்பா பழுது பார்த்த ரேடியோ ஒன்று ஆற்றைத் தாண்டிப் போய், சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து சேர்ந்திருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று வாயைத் திறந்தவள், வாசகத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள்.

அது அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வாரம்.

அப்பா வருஷத்தைத் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். செத்துப்போனவர் பதினாறு வருஷம் தள்ளித் தப்பாக எழுதுவாரா என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. மெக்கானிக்குகள் எல்லோரும் எழுதுகிற கேலியாக இருக்கும் என்று அடுத்ததாக நினைத்தாள். பல்லின் விளிம்பு பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம். இரண்டிலும் 'திருகாணி'க்கு இரண்டு சுழி 'னி'.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலில் வைத்தாள். எழுபத்தொன்பது வயது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் பிடிக்கச் சொல்லி, நிதானமாகப் படித்தாள். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"அந்த எழுத்தை அவரு கடைசிவரைக்கும் சரியா எழுதலை" என்றாள்.

பல்லுக்காரி தரையிலேயே உட்கார்ந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"படகு கவுந்து நாப்பது நாள் கழிச்சு ஒரு கடுதாசி வந்தது. டிக்கெட்டு வாங்கிப் பேரு குடுத்துட்டு, படகுல ஏறலை. வேற ஒருத்தியோட பஸ்ஸுல போயிட்டாரு. 'உயிரோட இருக்கேன், தேடாதே'ன்னு எழுதியிருந்தது. அடுப்புல போட்டேன்."

"அம்மா..."

"அதுக்குள்ள கல்லுல பேரு வெட்டிட்டாங்கடி. எனக்கு வேலையும் குடுத்துட்டாங்க. ஊரே வந்து உன்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு அழுதது. அவங்ககிட்ட போய் என்னன்னு சொல்லச் சொல்றே?" அம்மாவின் குரல் உயரவில்லை. "ஓடிப்போனவன் பொண்டாட்டியா இருக்கறதுக்குச் செத்துப்போனவன் பொண்டாட்டியா இருக்கறது எவ்வளவோ மேலுன்னு நெனச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

"நான்? என்னைப் பத்தி நெனச்சியா? வருஷா வருஷம் அந்தக் கல்லைத் தொட வெச்சியே!"

அம்மா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "ஒரே ஒரு தடவை வந்தாரு. உன் கல்யாணத்துக்கு மொத நாள். டிக்கெட்டு ஜன்னல்ல குனிஞ்சு நின்னாரு. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. 'பொண்ணு எப்படி இருக்கா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"'பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, நகருங்க'ன்னேன்."

பல்லுக்காரி எழுந்து முன்னறைக்குப் போனாள். என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் வேலையைச் செய்தாள். நூலைக் கோத்தாள். வால்வைக் காலிப் பொந்தில் பொருத்த மூன்று தடவை முயன்றாள். ஊசி முனைப் பள்ளத்தில் மெழுகு வைக்கிற கை அது. நாலாவது தடவை உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். கண்ணாடிக்குள் ஆரஞ்சுக் கம்பி மெல்லப் பழுத்தது. சூடான தூசி வாசனை வந்தது. ஒட்டுப் போட்ட ஸ்பீக்கர் உறுமி, கரகரத்து, திடீரென்று எவனோ ஒருவன் உரக்க வானிலை சொல்ல ஆரம்பித்தான். ஐம்பத்தொரு வருஷம் கழித்து அந்த வீட்டில் அந்த ரேடியோ பேசியது. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து ரோஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் வயரைப் பிடித்து இழுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பழைய சாமான் கடைக்காரர் போனில் சலித்துக்கொண்டார். "ஏன் மேடம், வால்வு போயிடுச்சா? பாத்துதானே எடுத்தீங்க?"

"வால்வு நல்லா இருக்கு. அந்த ரேடியோவை யார்கிட்ட வாங்கினீங்க?"

"துறைக்குப் பின்னாடி ஒரு ரிப்பேர் கடை. யாரோ எப்பவோ ரிப்பேருக்குக் குடுத்துட்டு வாங்க வரலையாம், பரண்ல கெடந்தது. ஒரு அம்மாதான் கடையை நடத்துது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பாக்கும். நல்ல கைராசி."

மறுநாள் மூன்று பல் செட்டுகளையும் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரிடம், "அக்கரைக்கு ஒரு வேலையா போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பல்லுக்காரி மதியப் படகில் ஏறினாள். துறையில் கல்லைத் தாண்டித்தான் போகவேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் தொடாமல் போனாள்.

கடை சின்னதுதான். பலகைமேல் பிரித்துப்போட்ட ஒரு மின்விசிறி. பின்னால் ஒரு பச்சைத் திரை. நாற்பத்தெட்டு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பற்றவைத்துக்கொண்டிருந்தாள், ஈயப் புகை அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கக்கா. என்ன ரிப்பேரு? கையில ஒண்ணும் காணோமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரம் வாய்களின் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தவள் பல்லுக்காரி. அப்படியொரு பல் அவள் முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும்தான் இருந்தது. சட்டென்று கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா, மயக்கமா? உக்காருங்க, உக்காருங்க." அந்தப் பெண் சூட்டுக்கோலை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிறகு திரைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாப்பா."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். திரை தரையைத் தொடவில்லை, ஒரு ஜாண் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நரம்பு புடைத்த இரண்டு வயதான பாதங்கள் இறங்கி, கண்ணில்லாதவை போலத் தரையைத் தடவித் தடவி, ஒரு செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேட ஆரம்பித்தன.