தலைவி வீட்டுக் காப்பி

கடற்கரைத் தெரு மாதர் சங்கத்தின் தலைவி நஹ்லா, சங்கத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவளுக்கு உண்மையான கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. சங்கம் அவளைப் பார்க்க வந்துவிட்டது.

நோயாளியைப் பார்க்கப் போவதுதான் அந்தச் சங்கத்தின் முதல் தொண்டு. அதை ஏற்படுத்தியவளே நஹ்லாதான். ஸைதா ஊரில் எவளுக்காவது தலைவலி என்று காதில் விழுந்தால் போதும், சாக்லேட் டப்பாவும் கையுமாகக் கும்பலாகக் கிளம்பிவிடுவார்கள். தலைவலிக்காரி தூங்க ஆசைப்பட்டால் அது அவள் பாடு. வந்தவர்களுக்கு அந்த வீட்டில் காப்பி கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இடுப்பு உடைந்ததை ஊர் மறந்துவிடும், காப்பி கிடைக்காததை மறக்காது.

நஹ்லா வீட்டில் காப்பி போட ஆள் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் குவைத்தில். காலையில் வந்து கூட்டிப் பெருக்கிப் போகிற பெண் போடுகிற காப்பியை ஸைதாவில் காப்பி என்று சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் வித்தாத் காதுக்கு வந்தது. அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வித்தாத்தும் நஹ்லாவும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். சங்கத்தைத் தொடங்கியதே அவர்கள் இரண்டு பேரும்தான். ஆனால் போன நோன்பிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் உப்பு.

நோன்பு மாதத்தில் சங்கம் ஏழைகளுக்குப் பருப்பு சூப் காய்ச்சும். காய்ச்சுகிற அத்தனை பேருக்கும் நோன்பு. நாக்கில் வைத்து ருசி பார்க்க வழியில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: உப்புப் போட்டவள் அந்தப் பானை மூடியின் மேல் கரண்டியைக் குப்புற வைக்க வேண்டும். வித்தாத் உப்புப் போட்டாள், கரண்டியைக் குப்புற வைத்தாள், வெங்காயம் வதக்கப் போனாள். தலைவி வந்தாள். கரண்டியை எடுத்து ஓரமாகப் போட்டாள், மூடியைத் திறந்தாள். கிளறுகிறாள் என்று வித்தாத் நினைத்தாள். தலைவி கிளறவில்லை.

மாலையில் பாங்கு சொன்னதும் ஜனங்கள் முதல் வாய் வைத்தார்கள், ஒரே உப்பு. பாவம், பகல் பூராவும் தண்ணீர் படாத தொண்டை. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இன்னிக்கு சூப் யாரு கை?" என்று மட்டும் கேட்டார்கள். எல்லாரும் வித்தாத்தைப் பார்த்தார்கள். நஹ்லாவும் பார்த்தாள், வாயில் கொழுக்கட்டையோடு.

மறுநாள் வித்தாத் அவள் வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டாள்.

"கரண்டியை எடுத்தது நீதானேடி?"

"நானா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"அல்லாஹ் மேல சத்தியம். எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்ற வரைக்கும் உன் ஹால்ல கால் வைக்க மாட்டேன்!"

பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுப் பரிகாரம் செய்தால் அந்தச் சத்தியத்திலிருந்து விடுபடலாம். சங்கத்தில் வாராவாரம் ஊருக்கே போடுகிறார்கள், ஆனால் அது சங்கத்து அரிசி, கணக்கில் வராது. சொந்த அரிசி அவள் வீட்டில் இருக்கத்தான் இருந்தது. போட மனசு வரவில்லை. அதற்குப் பிறகு நஹ்லா வருகிற நாளில் அவள் சங்கத்துக்கே போவதில்லை.

இப்போது நஹ்லா இடுப்பு உடைந்து கிடக்கிறாள். ஒரு ராத்திரி யோசித்ததில் வித்தாத்துக்கு ஒன்று தெளிந்தது. சத்தியம் பண்ணியது ஹாலுக்கு. சமையலறைக்கு ஒன்றும் பண்ணவில்லை. அதற்குப் பின்பக்கம் தனி வாசல் இருக்கிறது.

அப்படித்தான் தலைவி வீட்டுச் சமையலறையில் வித்தாத் புகுந்துகொண்டாள். ருவைதா தட்டை ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போவாள். ருவைதா சங்கத்தில் பெரிய வாய், ஆனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை, அதுவே அவளுக்கு ஒரு நோன்பு மாதிரி.

"நீ போட்டதுன்னு சொல்லு. என் பேர் வந்துச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்" என்றாள் வித்தாத்.

"நான் போட்ட காப்பின்னா என் புருஷனே நம்ப மாட்டாரு அக்கா."

நஹ்லா நம்பினாள். கட்டிலில் கிடந்தபடி உறிஞ்சிவிட்டு, சமையலறை வரைக்கும் கேட்கிற குரலில் புகழ்ந்தாள். "ருவைதா, என்ன கை மணம்டி உனக்கு! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

கதவுக்குப் பின்னால் வித்தாத்துக்கு வயிறு எரிந்தது. நஹ்லா போட்ட உப்புக்குத் தன் பேர் கெட்டது. தான் போட்ட காப்பிக்கு ருவைதாவுக்குப் பேர். நாளையிலிருந்து வரப்போவதில்லை என்று தினமும் முடிவு செய்தாள், தினமும் வந்தாள். ஹாலில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்காகவே வருகிறாள் என்பது அவளுக்கே தெரியும். அதை ஒத்துக்கொள்ளத்தான் தெம்பில்லை.

ஒருநாள் மருந்துக்கடைக்காரர் மனைவி இன்ஆம் வந்தாள். அவள் வந்தால் நாலு பேர் கூடவே வருவார்கள். ஹால் நிரம்பிவிட்டது. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு இன்ஆம் சிரித்தாள்.

"நல்லவேளை, ருவைதா போட்டிருக்கா. வித்தாத்தா இருந்தா இதுலயும் உப்பைக் கொட்டியிருப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கேலி ஊரில் எப்போதோ பழசாகிவிட்டது, ஆனாலும் சிரித்தார்கள். சமையலறையில் வித்தாத் அடுத்த பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த உப்பு அவ போட்டதில்ல" என்றாள் நஹ்லா.

"என்ன?"

"நான் போட்டேன். கரண்டி குப்புற இருந்துச்சு. பார்த்தேன். அவ எப்பவும் கம்மியாத்தான் போடுவான்னு நெனச்சு, எடுத்து வச்சிட்டு நானே போட்டேன். அப்புறம் எல்லாரும் அவளைப் பார்த்தீங்க. நான் தலைவி ஆச்சே, வெக்கமாப் போச்சு. வாயைத் திறக்கல."

இன்ஆமுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, சாக்லேட் டப்பாவைப் பார்த்தாள்.

"அதோட இதையும் கேட்டுக்குங்க. இந்தக் காப்பியும் ருவைதா போட்டதில்ல. அவளுக்கு வெந்நீர் வைக்கவே வராது."

"அப்பாடா" என்றாள் ருவைதா.

"முதல் நாள் முதல் வாய்லயே தெரியும். யார் கைன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறா. கேக்குதாடி?"

கேட்டது. காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, நெருப்பு அணைந்தும்விட்டது. வித்தாத் கைக்குக் கிடைத்த துணியால் முகத்தைத் துடைத்தாள், அது கரித்துணி என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி தண்ணீர் வைத்தாள். நிதானமாகப் பொடி போட்டாள். ஏழு மாசத்துக்கு அப்புறம் அவளோடு பேசுகிற முதல் பேச்சு இது, என்ன பேசுவது? கடைசியில் வாய்க்கு வந்ததைக் கத்தினாள்.

"சர்க்கரை எவ்வளவு?"

"டாக்டர் வேண்டாம்னாரு. ரெண்டு போடு."

வித்தாத் தட்டோடு ஹாலுக்குள் கால் வைத்தாள். மூஞ்சியில் கரி. ஒருத்தியும் சிரிக்கவில்லை, அந்த அளவுக்குப் பயம். சங்கத்துப் பெண்களுக்கு எங்கே எப்போது எழுந்து போக வேண்டும் என்ற ஞானம் உண்டு, மற்ற நாட்களில் அதைப் பயன்படுத்துவதில்லை. அன்று பயன்படுத்தினார்கள். இன்ஆம்தான் முதலில் எழுந்தாள்.

வாசல் கதவு சாத்திக்கொண்டது. நஹ்லா காப்பியை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"நான் விழுந்த அன்னிக்கு சங்கமே சுத்தி நின்னுச்சு" என்றாள். "வலி உயிர் போகுது. வித்தாத், வித்தாத்துன்னுதான் கத்திட்டுக் கெடந்தேன். எல்லார் மூஞ்சியும் தெரியுது, உன்னைக் காணல. ரொம்பப் பயந்துட்டேன்டி."

வித்தாத் கட்டிலைப் பார்த்தாள், பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள்.

"நகரு" என்றாள்.

இடுப்பு உடைந்தவள் எங்கே நகர்வது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள்.